எஸ்.டி.ஏ. 40-பி: மணத்துக்கு நூற்றுக்கு நூறு, ஆனாலும் எனக்கு வேண்டாம்

வீட்டில் பெர்ஃப்யூம் கலக்க எந்த ஆல்கஹால் வாங்கலாம் என்று ஒரு தோழி கேட்டாள். எஸ்.டி.ஏ. 40-பி, அதாவது யாரும் குடிக்க முடியாதபடி கலப்புச் சேர்த்த எத்தனால், அதை வாங்கு என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அதைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில் எனக்கு அதன்மேல் ஒரு தீராத கோபம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய பாராட்டு. காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தால் லேசான ஸ்பிரிட் வாடை, சீக்கிரமே அதுவும் போய்விடும். பெர்கமாட், எலுமிச்சை மாதிரி முதலில் எழுந்து சீக்கிரம் மறையும் மெல்லிய மேல்மணங்களை அது அமுக்குவதே இல்லை. சாம்பிராணிப் பிசினைக்கூடக் கரைத்துவிடும். சில நாள் விட்டு வடிகட்டினால் திரவம் தெளிந்து நிற்கும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் மருத்துவமனை வாடைதான் முந்திக்கொண்டு வரும். ஓட்கா பெரும்பாலும் 40 சதவீதம்தான், மிச்சம் தண்ணீர். எண்ணெய் விட்டதும் வெள்ளையாகக் கலங்கிவிடும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும், கண் பார்வையையே பறிக்கும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். கசப்பு!

யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக இதில் டெனட்டோனியம் பென்சோவேட் என்ற கடும் கசப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். அமெரிக்க விதிப்படி 100 கேலனுக்கு, அதாவது ஏறக்குறைய 380 லிட்டருக்கு, 2 கிராம்கூட வராது. அந்தத் துளியூண்டே போதும். ஆல்கஹால் ஆவியாகிப் போனாலும் இது போகாது, தோலிலேயே தங்கிவிடும். மணிக்கட்டில் அடித்து விரலால் தொட்டிருப்பேன். அப்புறம் தலை பின்னும்போது ஹேர்பின்னைப் பல்லில் கடித்தால் நாக்கு முழுக்கக் கசப்பு. தண்ணீரில் கை கழுவினேன் என்று நம்பி உதட்டைத் துடைத்தால் மறுபடியும் அதே கசப்பு. ஒரு மணத்தை மாதக்கணக்கில் மெருகேற்றி, கடைசியில் அதை அணிந்தவரின் வாய்க்கு இப்படி ஒரு பரிசா?

இது அதன் குறை இல்லை, செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது. குடிக்க முடியாததால்தான் மதுவரி இல்லாமல் கிடைக்கிறது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கசப்பே ஒரு காவல். டைஎத்தில் தாலேட் என்ற வேதிப்பொருள் சேர்த்த 39-சி என்ற இன்னொரு வகை இந்த அளவு கசக்காது. ஆனால் தாலேட்டைத் தோலில் தடவ எனக்கு மனம் வரவில்லை. கசப்பும் கலப்பும் இல்லாத 96 சதவீத எத்தனாலுக்கு வரியும் உண்டு, பல இடங்களில் அனுமதியும் வேண்டும். அந்தக் கலப்பில்லா எத்தனாலிலும் திராட்சையிலிருந்து எடுத்ததில் சில சமயம் லேசான பழ வாடை இருக்கும், எலுமிச்சை மணம் முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் மங்கும்.

ஆகவே தோழி, கற்றுக்கொள்ள நீ 40-பி வாங்கு. அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 96 சதவீதத்துக்கு மேல் தேடி அலையாதே, அதைவிடச் சுத்தமானது திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுப்புப் பக்கம் வைத்துக் கலக்காதே, சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். நான் மட்டும் இந்தப் புட்டி தீர்ந்ததும் திராட்சை எத்தனாலுக்கு மாறுகிறேன். மணத்தில் அது ஒரு படி கீழேதான், இருக்கட்டும்.