பழைய பிரியஸுக்கு இரண்டு உபரிப் பாகங்கள்: ஒன்று வீண், ஒன்று பயன்

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸுக்கென்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஆக்சிலேட்டர் கன்ட்ரோலரையும் ஆயில் கேட்ச் கேனையும் பொருத்தி ஓட்டிப் பார்த்ததில், விலை கூடிய முதலாவதை எவருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மிதியின் சென்சருக்கும் வயரிங்கிற்கும் இடையில் செருகப்படும் அந்தச் சிறு பெட்டி, பாதி அழுத்தினாலே முக்கால்வாசி அழுத்தியதாகக் காரின் கணினிக்குச் சொல்வதால் புறப்பாடு துடிப்பாக இருப்பது உண்மைதான், ஆனால் 1.8 லிட்டர் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து தரும் 136 குதிரைத்திறன் அதனால் இம்மியும் கூடுவதில்லை. இதே வேலையைச் செய்யும் ‘பவர்’ பொத்தான் காரிலேயே இருக்கிறது, அதுவும் இலவசமாக.

கேட்ச் கேன் வேறு ரகம். இந்த எஞ்சினில் குளிரூட்டப்பட்டு மீண்டும் உள்ளே அனுப்பப்படும் புகையின் கரியும், எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் சிறு துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த ஆவியைத்தான் கேன் வழிமறிக்கிறது. கேனின் அடிமூடியைக் கழற்றியதும் எண்ணெயோடு பால்தேநீர் நிறத்தில் நீரும் வடிந்தது. குறுந்தூர ஓட்டத்தில் அடிக்கடி நின்று சூடேறாத ஹைப்ரிட் எஞ்சினில் இது எதிர்பார்க்கத்தக்கதே. கூடவே வந்த குழாய்க் கிளிப்புகள் மட்டமானவை என்பதால் மாற்ற நேர்ந்தது. வாங்குமுன் கேனின் உள்ளே வலைத்தடுப்பு இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். வெறும் டப்பா ஆவியைப் பிடிக்காது. புகையின் கரியைக் கேன் தடுக்காது என்பதால், அது இருந்தாலும் அந்தப் புகையைக் குளிரூட்டும் இஜிஆர் கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை தப்பாது.