மூன்றாவது படலையை எண்ணுவதை விட்ட பிறகு: ஜேசியும் ஜேக்யூவும் தந்த அனுபவம்

2022ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவில், தேருக்கு முதல் நாள் காலை, நான் பார்த்துக்கொள்ளும் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பேக்கப் டிஸ்க் முட்டி நிரம்பி நின்றது. முதல் நாள் இரவு எடுத்த படங்களில் பாதிகூடப் பிரதியாகவில்லை. டிஸ்க் 90 வீதத்தைத் தாண்டினால் எனக்குச் செய்தி வரவேண்டும். அதற்கான ஸ்கிரிப்டை எழுதியவனும் நான்தான். ஒரு செய்தியும் வரவில்லை. நல்லகாலம், கமரா கார்டுகளை அவர்கள் அழித்திருக்கவில்லை. இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம்.

பிழை எங்கே என்று தேடினால், மிகச் சின்ன இடத்தில் இருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க லினக்ஸின் டிஎஃப் கட்டளையை ஓடவிட்டு, வரிகளை நிரல்களாகப் பிரிக்கும் ஓக் என்ற கட்டளை மூலம் ஐந்தாவது நிரலை எடுத்து, அது 90ஐ விடக் கூடவா என்று பார்ப்பதுதான் ஸ்கிரிப்டின் வேலை. டிஎஃப் தரும் அட்டவணையில் முதலில் டிஸ்கின் பெயர், பிறகு மொத்த அளவு, பாவித்தது, மிச்சம், ஐந்தாவதாக வீதம். வருடக்கணக்காக அது சரியாக வேலை செய்தது. ஆனால் ஸ்டூடியோவில் புதிதாக ஒரு நாஸ் பெட்டி (நெட்வேர்க்கில் பொருத்தும் டிஸ்க் பெட்டி) வாங்கி, அதில் பங்கிட்ட கோப்புறைக்கு "வெடிங் அல்பம்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு சொல், நடுவில் ஒரு இடைவெளி. ஓக்குக்கு இடைவெளி வந்தால் அடுத்த நிரல். அந்த வரியில் மட்டும் எல்லாம் ஒரு படி வலப்பக்கம் தள்ளிப்போனது. ஐந்தாவது நிரலில் வீதம் இல்லை, மிச்ச இடம் நின்றது.

இதில் பயங்கரம் என்னவென்றால், ஸ்கிரிப்ட் உடைந்து நிற்கவில்லை. மிச்சம் 38ஜி என்று இருந்தால் ஓக் அதை 38 என்று எடுத்துக்கொள்ளும். 38, 90ஐ விடக் குறைவு, பிரச்சினை இல்லை. டிஸ்க் இன்னும் நிரம்ப, 24. அதுவும் குறைவு. அடுத்த இரவு 9. டிஸ்க் நிரம்ப நிரம்ப ஸ்கிரிப்டின் கண்ணுக்கு எண் இறங்கிக்கொண்டே போனது. கடைசி இரவு சைபர்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வழி கேட்டால் "ஒழுங்கைக்குள்ள வந்து மூண்டாவது படலை" என்று சொல்வோம். யாராவது காணியைப் பிரித்து நடுவில் ஒரு வீடு கட்டிவிட்டால், மூன்றாவது படலையில் வேறு ஆட்கள் இருப்பார்கள். வந்தவர் தட்டுவது பிழையான வீடு என்று அவருக்கே தெரியாது. நான் இத்தனை வருடமும் ஷெல் ஸ்கிரிப்டில் படலை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அந்தத் திருவிழா முடிந்த கிழமையே, கட்டளைகளின் வெளியீட்டைப் பெயரோடு கூடிய தரவாக, அதாவது ஜேசனாக, மாற்றி எடுப்பது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து இன்றுவரை பாவித்ததில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது ஜேசி. கெலி பிரேசில் என்பவர் 2019இல் வெளியிட்டது, பைத்தனில் எழுதியது, உபுண்டு லினக்ஸில் ஏப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலமே நிறுவலாம். டிஎஃப், பிஎஸ், பிங், டிக், ஃப்ரீ, லாஸ்ட் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளின் வெளியீட்டை அது வாசித்து ஜேசனாகத் தரும். வழக்கமாக எழுதும் கட்டளைக்கு முன்னால் ஜேசி என்று போட்டால் போதும். இணைப்பைச் சோதிக்கும் பிங் தரும் ஆங்கில வசனங்களுக்குள் இருந்து பக்கெட் இழப்பு எத்தனை வீதம், சராசரி நேரம் எத்தனை மில்லிசெக்கன் என்று பெயர் ஒட்டிய எண்களாக எடுத்துத் தருகிறது. கிளை அலுவலகத்தின் இணைய இணைப்பைக் கண்காணிக்க நான் எழுதியிருந்த பதினைந்து வரி ஸ்கிரிப்டை, செட் என்ற எழுத்து வெட்டும் கட்டளையால் ஆனதை, தூக்கி எறிந்துவிட்டு ஒரே வரியில் முடித்தேன். அந்த வரியைத் திரும்பத் தொடவேண்டி வந்ததில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். சேர்வரின் மொழி அமைப்பு மாறினால் கட்டளைகளின் தலைப்புச் சொற்களும் திகதி வடிவமும் மாறக்கூடும். ஜேசி எதிர்பார்ப்பது ஆங்கில வடிவத்தை. அந்தக் கட்டளைக்கு மட்டும் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் என்ற மாறியைச் சி என்று வைத்து ஓடவிடுவது நல்லது.

ஆனால் டிஸ்க் விசயத்துக்கு நான் கடைசியில் ஜேசியைப் பாவிக்கவில்லை. ஏனென்றால் இப்போது பல கட்டளைகள் தாமாகவே ஜேசன் தருகின்றன. பொருத்திய டிஸ்குகளைக் காட்டும் ஃபைண்ட்மவுண்ட், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே, நெட்வேர்க்குக்கான ஐபி, சேர்வரின் பதிவேட்டைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் எல்லாவற்றிலும் அதற்கு ஒரு தெரிவு உண்டு. மனிதர் பார்க்க அச்சிட்ட அட்டவணையை மற்றொரு புரோகிராம் ஊகித்துப் பிரிப்பதைவிட, அட்டவணை ஆக முதலே தரவை வாங்குவது எவ்வளவோ மேல். ஃபைண்ட்மவுண்டை டிஎஃப் போல ஓடவிட்டு ஜேசன் கேட்டால், மூலம், அளவு, மிச்சம், வீதம், எங்கே பொருத்தியிருக்கிறது எல்லாம் பெயரோடு வரும். "வெடிங் அல்பம்" மேற்கோள் குறிக்குள் பத்திரமாக ஒரே துண்டாக இருக்கும். என் ஒழுங்கு இப்போது இதுதான்: கட்டளையே ஜேசன் தந்தால் அதை எடு, தராவிட்டால் ஜேசி, அதிலும் இல்லாவிட்டால் மட்டும் சொந்தமாகப் பிரி.

சொந்தமாகப் பிரிக்க வேண்டி வந்தது யூபிஎஸ்சுக்கு. 2022 பங்குனி மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தக் காலத்தில் யூபிஎஸ் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் என் முழுக் கவலையும். ஏபிசி அக்சஸ் என்ற கட்டளை ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு என்று தரும். பார்க்க இலகு. முக்காற்புள்ளியில் வெட்டினால் சரி என்று நினைத்தேன். ஆனால் திகதி வரியில் மணி, நிமிடம், செக்கனுக்கு நடுவிலும் முக்காற்புள்ளி இருக்கிறது. கரண்ட் போன நேரம் 09:10:11 என்றால் எனக்குக் கிடைத்தது 09 மட்டும். முதல் முக்காற்புள்ளியில் மட்டும் வெட்ட, ஜேசனைக் கையாளும் கருவியான ஜேக்யூவில் உள்ள கப்ச்சர் என்ற வசதி உதவியது. கூடவே, அலகுகளை நீக்கித் தரும் தெரிவு ஏபிசி அக்சஸிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் "100.0 பெர்சன்ட்" என்பதில் வெறும் 100.0 மட்டும் வரும்.

சரி, ஜேக்யூ பற்றி. ஸ்டீபன் டோலன் 2012இல் வெளியிட்ட இது இல்லாமல் ஜேசன் எடுத்து ஷெல்லில் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் படிக்கக் கஷ்டம். இதை ஒளிக்கப்போவதில்லை. என்னோடு வேலை செய்யும் பெடியன் முதல் தடவை டிஸ்க் ஸ்கிரிப்டை ஜேக்யூவில் மாற்றி எழுதிவிட்டு அடுத்த நாள் காலை போன் எடுத்தான். "அண்ணை, விடிய விடிய மெசேஜ் வந்துகொண்டே இருக்கு. 45 வீதம், ஆனா 90ஐ விடக் கூட எண்டு சொல்லுது."

காரணம் இதுதான். ஃபைண்ட்மவுண்ட் வீதத்தை 45 என்ற எண்ணாகத் தருவதில்லை. வீதக் குறியோடு சேர்த்து, மேற்கோளுக்குள், ஒரு சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகத் தருகிறது. ஜேக்யூவில் வகைகளுக்கு சிறியதிலிருந்து பெரியதாக ஒரு வரிசை உண்டு: நல் (ஒன்றும் இல்லை என்பது), பிறகு பொய், மெய், பிறகு எண், அதற்கும் மேலே சரம். எந்தச் சரமும் எந்த எண்ணையும் விடப் பெரியது. ஆகவே 45 வீதம் என்ற சரம் 90ஐ விடப் பெரியது, ஒரு வீதம் என்ற சரமும் அப்படியே. வீதக் குறியை வெட்டி, சரத்தை எண்ணாக்கும் டுநம்பர் போட்டபின் அமைதியானது. அந்தப் பிழையை நான் மனதார வரவேற்றேன். சத்தம் போட்ட பிழை அது. என் பழைய ஓக் பிழை சத்தமே போடவில்லையே.

ஜேக்யூவிலும் சத்தம் போடாத பிழை உண்டு. இதை எழுதுவதற்கு முக்கிய காரணமே அதுதான். இல்லாத பெயரைக் கேட்டால் ஜேக்யூ பிழை சொல்லாது, நல் என்று பதில் தரும். நல் எந்த எண்ணையும் விடச் சிறியது. ஒரு சேர்வரை உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு உயர்த்தினோம். எல்எஸ்பிஎல்கே தரும் ஜேசனில் "மவுண்ட்பொயின்ட்" என்று ஒருமையில் இருந்த பெயர் புதிய பதிப்பில் "மவுண்ட்பொயின்ட்ஸ்" என்று பன்மையாகி, மதிப்பும் சரத்திலிருந்து பட்டியலாக மாறிவிட்டது. 18.04 காலத்து எல்எஸ்பிஎல்கேயில் கழற்றக்கூடிய டிஸ்கா என்பதற்குச் சரமாக "0" வந்தது, 20.04இல் அது பொய் என்ற பூலியனாக (மெய், பொய் வகையாக) வந்தது. பழைய பெயரைக் கேட்டால் நல்தான் கிடைக்கும். வீட்டுப் பெயரையும் ஆட்கள் மாற்றுகிறார்கள்.

அதற்கு நான் இப்போது செய்வது, ஜேக்யூவை எப்போதும் ஹைபன் ஈ தெரிவோடு ஓடவிடுவது. கடைசிப் பதில் நல் அல்லது பொய் என்றால் அது பிழைக் குறியோடு வெளியேறும், ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். பதில் பொய்யாகவே இருக்கக்கூடிய இடத்தில் மட்டும் ஹேஸ் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். தெரிவு செய்யும் ஒவ்வொரு பெயருக்கும் இந்தச் சோதனை. ஸ்கிரிப்ட் நீளும், பரவாயில்லை.

வெளியீட்டை வாசிப்பது ஒரு பக்கம் என்றால், நாமே ஜேசன் எழுதுவது மற்றப் பக்கம். இங்கேதான் ஆட்கள் கூடப் பிழை விடுகிறார்கள், நானும் விட்டேன். வரியை அப்படியே அச்சிடும் எக்கோவைப் போட்டு, மேற்கோள் குறிகளைக் கையால் அடித்து ஜேசன் செய்வது. ஸ்டூடியோவின் ஓடர் குறிப்பு ஒன்றில் அல்பம் அளவு 12"×36" என்று இருந்தது. அந்த அங்குலக் குறிதான் ஜேசனின் மேற்கோள் குறியும். அந்த இடத்தோடு கோப்பு முழுவதும் உடைந்தது. ஜேக்யூவை வெறும் உள்ளீட்டோடு ஓடவிட்டு, மதிப்புகளை ஆர்க் என்ற தெரிவு மூலம் கொடுத்தால் மேற்கோள், பின்சாய்வு, புதுவரி எல்லாவற்றுக்கும் முன்னால் அதுவே சரியாகப் பின்சாய்வு போட்டு எழுதும். அன்றோடு எக்கோவில் ஜேசன் எழுதுவதை விட்டேன். வேறு யாருடைய ஸ்கிரிப்டில் கண்டாலும் மாற்றச் சொல்லுவேன்.

தமிழ் எழுத்து விசயம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தனியார் கல்வி நிலையம் ஒன்றின் மாணவர் பட்டியலை முன்பு பிரின்ட்எஃப் போட்டு 20 எழுத்து அகலத்தில் எழுதி, கட் போட்டு அதே அகலத்தில் வெட்டி எடுத்தோம். "யாழ்ப்பாணம்" என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது ஆறு எழுத்து. யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 11. கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப் 8 வடிவத்தில் 33 பைட். நாங்கள் பாவிக்கும் பாஷ் ஷெல்லின் பிரின்ட்எஃப்பும் கட்டும் எண்ணுவது பைட்டை. 20 பைட்டில் வெட்டினால் ஆறு குறியீடு முழுதாகவும் ஏழாவதில் மூன்றில் இரண்டு பங்கும் வரும். பெயரின் வால் கேள்விக்குறிப் பெட்டியாக நிற்கும். பிள்ளைகளின் பெயரை அப்படி அறிக்கையில் பார்ப்பது எனக்குச் சரியான மனவருத்தமாக இருந்தது. ஜேசனில் பெயருக்கு அகலம் என்ற ஒன்றே கிடையாது. எவ்வளவு நீளமோ அவ்வளவும் முழுதாக இருக்கும். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இந்த வழிக்கு வர இந்த ஒரு காரணமே காணும் என்பது என் எண்ணம்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஜேசி பைத்தன் என்பதால் ஒவ்வொரு தடவையும் எழும்ப நேரம் எடுக்கும். ஒரு கோப்புக்கு ஒரு தடவை என்று ஆயிரக்கணக்கான படங்களுக்கு லூப்பில் ஓடவிட்டு, பழைய கணினியில் அது முடியும்வரை காத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவை கொடுங்கள். ஜேர்னல்சிடிஎல்லின் ஜேசனில் 4096 பைட்டைத் தாண்டும் புலங்கள் நல் ஆகிவிடும், ஆல் என்ற தெரிவைப் போட்டால்தான் முழுதாக வரும். பாஷுக்குப் பதிலான நியூஷெல் என்ற ஷெல்லையும் இரண்டு கிழமை பாவித்தேன், அட்டவணைகளை அது கையாளும் விதம் வடிவானது. ஆனால் வாடிக்கையாளர்களின் சேர்வர்களில் பாஷ் மட்டும்தான் இருக்கிறது, அதனால் விட்டேன்.

அப்புறம், நான் எதிர்பார்க்காமல் கிடைத்த ஒரு நன்மை. ஒவ்வொரு இரவும் டிஸ்க் நிலையை ஒரே வரி ஜேசனாக, திகதியோடு, ஒரு கோப்பின் அடியில் சேர்த்து வந்தேன். முதலில் அது சும்மா ஒரு பதிவுதான். வருடங்கள் ஓட அது ஸ்டூடியோவின் வரலாறாகிவிட்டது. எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஜேசன் வாசிக்கும் வசதி உள்ளுக்குள்ளேயே இருப்பதால் அந்தக் கோப்பை அதில் ஏற்றி, எந்த மாதம் எவ்வளவு கூடியது என்று கேட்கலாம். ஆவணியிலும் தையிலும் கலியாண வீடுகள், ஆடிக் கடைசியிலிருந்து நல்லூர் 25 நாள், எல்லாம் எண்ணாகத் தெரிகிறது.

போன முறை கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முதல் ஸ்டூடியோ முதலாளி கூப்பிட்டார். "தம்பி, இந்தத் திருவிழா முடியுமட்டும் டிஸ்க் காணுமோ?" முன்பென்றால் பார்ப்போம் அண்ணை என்று சொல்லியிருப்பேன். கோப்பைத் திறந்து, முந்தைய இரண்டு திருவிழாக்களிலும் ஒரு நாளைக்கு எவ்வளவு கூடியது என்று ஜேக்யூவில் கேட்டு, மிச்ச இடத்தை அதனால் வகுத்துப் பார்த்தேன். "சப்பறம் வரைக்கும் காணும் அண்ணை, தேருக்குக் காணாது" என்றேன். அடுத்த நாளே டவுனுக்குப் போய் 4 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.