மைனஸ் 5.50 கண்ணும் கழுத்து வலியும்: மூன்று வருடப் பயிற்சி அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கும் கழுத்துக்கும் மூன்று வருடம் பயிற்சி செய்தும் என் கண் பவர் குறையவில்லை. 2022-இல் வலது கண் மைனஸ் 5.50, இடது கண் மைனஸ் 5.25. இப்போதும் அதேதான். ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடும் தலைவலி போய்விட்டது. கண்ணில் மணல் விழுந்த மாதிரியான உறுத்தல் பெரிதும் அடங்கிவிட்டது. இடது தோளிலிருந்து காதுக்குப் பின்னால் வரை கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்த வலி, வேலை அதிகமான நாட்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. பவர் குறையும் என்று நம்பி இறங்குபவர்கள் இரண்டே மாதத்தில் மனம் விட்டுப் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஏமாற்றம் யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை முன்னால் வைக்கிறேன்.

பவர் ஏன் குறைவதில்லை என்பதற்குக் காரணம் எளிது. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டுபோவதால் வருவது. வெளிச்சம் விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண் பவரின் அலகு) வரை மைனஸ் ஏறும். நீண்டுவிட்ட விழியைக் கண்ணை உருட்டும் எந்தப் பயிற்சியும் சுருக்காது.

நான் வேலூரில் ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலை, அதாவது அச்சுப் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் வேலை பார்க்கிறேன். வயது 43. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். தை பிறந்தால் ஆனி வரைக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. வாடிக்கையாளர் எழுதிக்கொடுத்த தாள் மேஜையில் இடது பக்கம் படுத்துக் கிடக்கும். அதைக் குனிந்து ஒரு வரி படிப்பேன், நிமிர்ந்து ஒரு வரி அடிப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை இப்படிக் கழுத்து இடதுபக்கம் திரும்பிக் குனிந்தது என்று கணக்கே இல்லை. இருபது வருடம் இதே வேலை. அம்மா ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, ஆமை மாதிரி கழுத்த நீட்டிக்கினு உக்காந்துகினு கீற?" என்று கேட்டார். அந்த வாரமே வலது பக்கம் திரும்பவே முடியாமல் கழுத்து பிடித்துக்கொண்டது.

பிசியோதெரபிக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார். "கண்ணாடி இல்லாம போன் எவ்வளவு கிட்ட வச்சுப் பாப்பீங்க சார்? வச்சுக் காட்டுங்க." காட்டினேன். டேப் வைத்து அளந்தார். பதினெட்டு சென்டிமீட்டர். அது கணக்குப்படியும் சரி: நூறை ஐந்தரையால் வகுத்தால் பதினெட்டு. என் பவருக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்துக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். இரவு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு இலவம்பஞ்சுத் தலையணையில் சாய்ந்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனைப் பிடித்து ஒரு மணி நேரம். தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டு இருக்கும். கழுத்தைக் கெடுத்தது அச்சகம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், பாதிக் கெடுதல் என் கட்டிலில் நடந்திருக்கிறது.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: கண் எங்கே இழுக்கிறதோ அங்கேதான் கழுத்து போகும். எழுத்து தெளிவாகத் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நிமிர்ந்து உட்காரு என்று கழுத்துக்குச் சொன்னால், ஐந்து நிமிடம் கேட்கும். அப்புறம் தன்னால் முன்னால் போய்விடும். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. 2014-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, தலை அறுபது பாகை குனியும்போது கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை 27 கிலோ வரை போகிறது. அது மாதிரி வைத்துப் போட்ட கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் ஒரு மூட்டை அரிசியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு போன் பார்த்திருக்கிறேன் என்பது மனதில் நன்றாகப் பதிந்தது.

ஆகவே பயிற்சிக்கு முன்னால் கண்ணாடி. இரண்டு வருடமாகப் பவர் பார்க்காமல் இருந்தேன். சோதித்ததில் பழைய கண்ணாடி அரை பாயின்ட் குறைவாக இருந்தது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் எக்கிப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று ஃபிரேம். வேலூர் வெயிலில் வேர்வைக்கு மூக்கில் கண்ணாடி நிற்காது, சித்திரை வைகாசியில் கேட்கவே வேண்டாம். கண்ணாடி சரிந்தால் லென்ஸ் வழியாகப் பார்க்க நாம் தாடையைத் தூக்குவோம். தாடை தூக்கினால் தலை முன்னால் போகும், பிடரியில் தசை சுருங்கும். கடைக்காரரிடம் கொடுத்து நோஸ் பேடை மாற்றி, காதுக்குப் பின்னால் வளையும் இடத்தைச் சரிசெய்து வாங்கினேன். பத்து நிமிட வேலை. மூன்று வருடத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் கொடுத்தது அதுதான்.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிட்டத்தில் படிக்கவும் சிரமம் வர ஆரம்பித்ததும் எல்லோரும் புரோகிரஸிவ் லென்ஸ் போடச் சொன்னார்கள். போட்டேன். அதில் கிட்டத்தை லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். மானிட்டரையும் அப்படிப் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கி, அடங்கியிருந்த வலி மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டது. பிறகு கண் பரிசோதகரிடம் என் மானிட்டர் தூரத்தை அளந்து சொல்லி, அந்த 60 சென்டிமீட்டருக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். மைனஸ் 4.75. அச்சகத்தை விட்டு வெளியே வந்தால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது, தூரம் மங்கலாகத் தெரியும். புரோகிரஸிவ் கெட்டது என்று சொல்ல மாட்டேன், கடையில் நின்று நடந்து வேலை செய்பவர்களுக்கு அது வசதி. நாள் முழுக்க ஒரே திரையைப் பார்ப்பவர்களுக்குத் தனிக் கண்ணாடி நல்லது என்பது என் அனுபவம்.

உட்காரும் இடத்தில் செய்த மாற்றம் பெரிதில்லை. மானிட்டருக்கு அடியில் இரண்டு பழைய பேப்பர் ரீம் வைத்து, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி செய்தேன். இன்னும் உயர்த்தினால் கழுத்து நிமிரும் என்று ஒரு வாரம் உயர்த்தியும் பார்த்தேன், கண் காய்ந்தது. மேலே பார்க்கும்போது இமை அகலத் திறந்து ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது. கையெழுத்துத் தாளுக்கு மரத்தில் ஒரு சாய்வுப் பலகை அடித்து மானிட்டரை ஒட்டி நிறுத்தினேன். அந்த நூற்றுக்கணக்கான குனிதல் அன்றோடு முடிந்தது. மேஜை மின்விசிறி முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டிருந்தது, அதை முதுகுப் பக்கம் திருப்பினேன்.

இனி பயிற்சி. கழுத்துக்கு முக்கியமானது தாடையை உள்ளே இழுப்பது. சுவரில் முதுகையும் பிட்டத்தையும் ஒட்டி நின்று, பார்வை நேராக இருக்க, தலையைக் குனியாமல் நிமிராமல் அப்படியே பின்னால் நகர்த்த வேண்டும். மேஜை இழுப்பறையை உள்ளே தள்ளுவது போல. சரியாகச் செய்தால் தாடைக்கு அடியில் மடிப்பு விழும், பிடரியில் மெல்ல ஒரு நீட்சி தெரியும். ஐந்து வினாடி பிடித்து விட வேண்டும், பத்து முறை. முதல் மாதம் முழுக்க இதைத் தப்பாகவே செய்தேன். பின்னால் தள்ளுவதற்குப் பதில் தாடையை நெஞ்சுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். மனைவி பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்து, "நீங்க தலைய ஆட்டறீங்க, பின்னால போகவே இல்லீங்க" என்று காட்டிய பிறகுதான் தெரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்தால் இந்தத் தப்பு தெரியாது. யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகள் வேலை செய்யாமல் சோம்பிப் போயிருக்கும், அவற்றை எழுப்புவதுதான் இதன் வேலை. அதனால் முதல் இரண்டு வாரம் லேசான வலி இருக்கும். கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

இதோடு இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றையொன்று நோக்கி இழுத்துப் பிடிப்பது, கதவு நிலையில் இரண்டு முன்கைகளையும் வைத்து நெஞ்சை முன்னால் விட்டு முப்பது வினாடி நிற்பது. கூன் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நெஞ்சுத் தசை குறுகியிருக்கும், அது விரியாமல் கழுத்து நேராகாது. இடது பக்க இழுப்புக்கு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையை வலப்பக்கம் மெதுவாகச் சாய்த்து இருபது வினாடி. காலையில் பத்து நிமிடம், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். தலையை வட்டமாகச் சுற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டேன், எனக்குத் தலை சுற்றியது.

கண்ணுக்கு நான் விடாமல் செய்வது இரண்டு. ஒன்று, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது வினாடி பார்ப்பது. அச்சகத்து மாடி ஜன்னலில் நின்றால் ஊருக்குக் கிழக்கே மலைமேல் பழைய கோட்டை மதில் தெரியும். அதைத்தான் பார்ப்பேன். கிட்டத்தில் பார்க்கும்போது உள்ளே சுருங்கியே இருக்கும் தசை, தூரத்தைப் பார்த்தால் தளரும். முதலில் போனில் மணி வைத்தேன், மூன்று நாளில் எரிச்சல் வந்து அணைத்துவிட்டேன். இப்போது ஒரு பத்திரிகை புரூஃப் பிரின்டருக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போகிறேன். வேலையோடு முடிச்சுப் போட்டதால்தான் நிலைத்தது. இரண்டாவது, இமைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் பல இமைப்பு அரைகுறை. ஜன்னலில் நிற்கும்போது இமையை முழுதாக மூடி இரண்டு வினாடி வைத்துத் திறப்பேன், பத்து முறை. இரவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம். கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் இமை ஓரச் சுரப்பிகளில் இருக்கிறது, சூடு பட்டால் அது இளகி வரும். உறுத்தல் குறைந்தது இதனால்தான் என்று நம்புகிறேன்.

உள்ளங்கையைத் தேய்த்துக் கண்மேல் வைப்பது நல்ல ஓய்வு, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விழியை அழுத்தவும் கூடாது. தீபத்தை இமைக்காமல் பார்ப்பது என் காய்ந்த கண்ணுக்கு ஆகவே இல்லை. காலை வெயிலானாலும் சூரியனை நேரே பார்க்கச் சொல்பவர்களிடம் தள்ளி நில்லுங்கள், விழித்திரை வெந்துவிடும். ஒரு பொருட்காட்சியில் துளைத்துளையான கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். போட்டிருக்கும்போது எழுத்து கூர்மையாகத் தெரியும், சின்னத் துளை வழியே வெளிச்சம் ஒடுங்கி வருவதால். கழற்றினால் பழையபடிதான். முதுகை நிமிர்த்தும் பெல்ட்டும் மூன்று வாரம் போட்டேன். அக்குளில் அறுத்தது, அதைக் கழற்றியதும் தோள் முன்பைவிடச் சீக்கிரம் சரிந்தது.

பலன் எப்போது தெரிந்தது என்று பலர் கேட்கிறார்கள். வீணான புரூஃப் தாளின் பின்பக்கத்தில் தினமும் சாயங்கால வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்து வந்தேன். முதல் வாரம் ஆறும் ஏழும். ஐந்து வாரம் வரை பெரிய மாற்றமில்லை. மூன்றாவது மாதம் நான்கு. ஒரு வருடம் ஆனபோது இரண்டு. போன வருடம் ஆவணி முகூர்த்த நெருக்கடியில் பன்னிரண்டு நாள் விட்டுவிட்டேன், ஐந்துக்குப் போய்விட்டது. திரும்ப இறங்க இரண்டு வாரம் ஆனது.

கையில் மரத்துப்போவது, பிடி தளர்வது, வலி கை வரை இறங்குவது இருந்தால் இந்தப் பயிற்சிகளை ஆரம்பிக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதே போலக் கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு ஓரத்தில் திரை விழுந்த மாதிரி மறைப்பது. அதிக மைனஸ் உள்ள நமக்கு விழித்திரை விலகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அது வந்தால் அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. நம் ஊரில் ஆரணி சாலையிலேயே சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு வண்டி எடுப்பதில்லை, தம்பி கொண்டுவந்து விடுவான்.

மகளுக்கு ஒன்பது வயது. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். குழந்தைகள் தினமும் இரண்டு மணி நேரம் போல வெளி வெளிச்சத்தில் இருந்தால் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனக்குச் செய்ய முடியாததை அவளுக்குச் செய்யலாமே என்று, வெயில் தாழ்ந்ததும் கோட்டைப் பக்கம் அழைத்துப் போகிறேன். அவள் சைக்கிள் விடுவாள், நான் சுவரோரம் நின்று தாடையை உள்ளே இழுப்பேன். இரவில் அவள் கதைப் புத்தகத்தோடு குப்புறப் படுத்தால் எழுப்பி மேஜைக்கு அனுப்புகிறேன். நான் அச்சக வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து லேப்டாப்பில் குனிந்தால், அவள் கடந்துபோகும்போதே "அப்பா, கழுத்து" என்பாள். அவளுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. அடுத்த பரிசோதனை ஜூனில், பள்ளி திறப்பதற்கு முன்னால்.