சொரியாசிஸ்: வாராந்தக் குளிசையா, பயோலாஜிக் ஊசியா?

சொரியாசிஸ் என்பது தோல் தடித்துச் செதில் உதிரும் நோய். திருகோணமலையில் கிளினிக் வாசலில் காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: மெத்தோட்ரெக்சேட் குளிசையிலேயே இருப்பதா, அடாலிமுமாப் என்ற பயோலாஜிக் (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து) ஊசிக்கு மாறுவதா?

செலவு: குளிசை மலிவு. ஊசி கையைக் கடிக்கும். பயோசிமிலர் (அதே ஊசியை ஒத்த, வேறு கம்பனி செய்யும் மருந்து) கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

பலன்: ஊசிதான் முன்னுக்கு. 2008இல் வெளியான சாம்பியன் ஆய்வில், 16 வாரத்தில் தோல் பாதிப்பு முக்கால்வாசி குறைந்தவர்கள் ஊசியில் ஏறக்குறைய 80 சதவீதம், மெத்தோட்ரெக்சேட்டில் 36 சதவீதம்.

வசதி: குளிசை வாரத்தில் ஒரே நாள். மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் கலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். ஊசி முதல் இரண்டு தவணைக்குப் பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை. ஆனால் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். நம்மூர் வெயிலில், கரண்ட் போகும் வீட்டில், அதுதான் பெரிய தலையிடி. மூதூர் வரை கொண்டுபோவதென்றால் குளிர்ப்பெட்டி வேண்டும். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, உறைந்த ஊசி குப்பைக்குத்தான்.

கவனம்: குளிசைக்கு ஈரல், இரத்தப் பரிசோதனை, மது கூடவே கூடாது. ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

நோய் இப்போதுதான் கூடுகிறது, கையில் காசும் குறைவு என்றால் குளிசையில் தொடங்கலாம். பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு அது சரிவராது. குளிசை கேட்கவில்லை, ஈரல் ஒத்துழைக்கவில்லை, மூட்டும் வீங்குகிறது என்றால் ஊசியைப் பற்றித் தோல் வைத்தியரிடம் கேளுங்கள்.