வரி குறைவா, மின்சாரம் மலிவா: ஒன்ராறியோ, அல்பேர்டா, கியூபெக்

2022இல் அல்பேர்டா அரசு ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் பெரிய விளம்பரம் செய்தது. இங்கே வாருங்கள், செலவு குறைவு, வேலை உண்டு என்பதுதான் சாரம். கல்கரி, எட்மன்டன் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் ஒன்ராறியோத் தமிழர்கள் வீட்டு விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மாகாண அரசு வரியிலும் மின்சாரத்திலும் என்ன செய்கிறது என்பதையும் பார்த்தேயாக வேண்டும்.

வரியில் அல்பேர்டாவை அடிக்க ஆளில்லை. அங்கே மாகாண விற்பனை வரியே கிடையாது. 30,000 டொலருக்குக் கார் வாங்கினால் கூட்டாட்சி அரசின் 5 வீதம், அதாவது 1,500 டொலர் மட்டும். ஒன்ராறியோவில் 13 வீதம், 3,900 டொலர். கியூபெக்கில் ஏறக்குறைய 4,500. நிறுவனங்களுக்கான மாகாண வரி அல்பேர்டாவில் 8 வீதம், மற்ற இரண்டிலும் 11.5.

ஆனால் இது சிக்கனத்தால் வந்த குறைவு அல்ல. நிலத்தடி வளம் மாகாணத்துக்குச் சொந்தம். எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் மாகாணத்துக்குக் கட்டும் உரிமைத்தொகை வரும்வரை வரி குறைவாக இருக்க முடிகிறது. அந்த வருமானம் 2015-16இல் சுமார் 2.8 பில்லியன் டொலர், 2022-23இல் 25 பில்லியனுக்கும் மேல். இப்படி ஏறி இறங்கும் பணத்தை நம்பித்தான் அங்கே பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடக்கின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மின்சாரத்தில் கதை தலைகீழ். அல்பேர்டாவில் 2001 முதல் சந்தைதான் விலையைத் தீர்மானிக்கிறது. 2023 ஓகஸ்டில் நிலையான விலை ஒப்பந்தம் இல்லாதவர்கள் கல்கரியில் யூனிட்டுக்கு 30 சதத்துக்கும் மேல் கட்டினார்கள். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் அரசு 13.5 சதம் என்று உச்சவரம்பு வைத்தது. மே மாதம் தேர்தல். உச்சவரம்புக்கு மேல் போன தொகையோ தள்ளுபடி ஆகவில்லை, தள்ளிப்போடப்பட்டது. 2024 முடியும்வரை, ஒப்பந்தம் இல்லாத அதே வகை வாடிக்கையாளர்களின் பில்லில் சேர்த்து வசூலித்தார்கள். ஒப்பந்தம் கிடைக்காதவர்களில் பலர் கடன் மதிப்பீடு குறைந்தவர்கள், வசதி இல்லாதவர்கள். அவர்கள் தலையில் இதைக் கட்டியது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2025 முதல் அவர்களுக்கும் சுமார் 12 சதம் என்று இரண்டு ஆண்டுக்கு நிலையான விலை வந்திருக்கிறது.

ஒன்ராறியோவின் ஹைட்ரோ பில், அதாவது மின்சார பில், வேறு வகை. 2009இல் கூரைமேல் சூரியத் தகடு வைத்தவர்களுக்கு யூனிட்டுக்கு 80.2 சதம் தருவதாக அரசு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2014இல் நிலக்கரி மின்நிலையங்களை முழுக்க மூடியது. நல்ல காரியம், காற்று சுத்தமானது. ஆனால் பில் ஏறியது. 2017இல் கடன் வாங்கி 25 வீதம் குறைத்தார்கள். 2018இல் வந்த டக் ஃபோர்ட் அரசு 758 மின்திட்டங்களை ரத்து செய்தது, அதற்கான செலவு 231 மில்லியன் டொலர். இன்று பில்லில் ‘தள்ளுபடி’ என்று வருவதும் நம் வரிப்பணம்தான். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போடுகிறார்கள்.

கியூபெக் 1960களின் தொடக்கத்திலேயே மின் நிறுவனங்களை அரசுடைமையாக்கியது. நீர்மின்சாரம், யூனிட்டுக்கு ஏறக்குறைய 8 சதம், வட அமெரிக்காவிலேயே மிகக் குறைவான விலைகளில் ஒன்று. வருமான வரி மிக அதிகம். இந்த மலிவில் பக்கத்து மாகாணத்துக்கும் பங்குண்டு: லாப்ரடோரின் சேர்ச்சில் ஃபோல்ஸ் மின்சாரத்தை 1969 ஒப்பந்தப்படி யூனிட்டுக்கு 0.2 சதத்துக்கு வாங்கி வந்தார்கள். கூடுதல் விலை தர 2024 டிசம்பரில் ஒரு பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தானது.

சரி, முதலீடு? வரி வீதம்தான் எல்லாம் என்றால் அல்பேர்டாவுக்குப் பிரச்சினையே இருக்கக்கூடாது. ஆனால் 2023 ஓகஸ்டில் அந்த அரசே புதிய சூரிய, காற்று மின்திட்ட அனுமதிகளை ஏழு மாதம் நிறுத்தி வைத்தது. அப்புறம் நல்ல விவசாய நிலத்திலும் மலைக்காட்சியை மறைக்கும் இடத்திலும் அவற்றை அமைக்கக் கட்டுப்பாடு வைத்தது. நாட்டிலேயே இந்தத் துறை வேகமாக வளர்ந்த இடம் அதுதான். கியூபெக் 2022இல் எண்ணெய், எரிவாயுத் தேடலைச் சட்டம் போட்டே முடித்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஆனாலும் திசை தெளிவாக இருந்தது. பணம் போடுகிறவனுக்கு 3.5 வீத வரி வித்தியாசத்தைவிட, போட்ட பிறகு விதி மாறுமா என்பதே பெரிய கேள்வி. அந்த விஷயத்தில் ஒன்ராறியோவும் அல்பேர்டாவும் ஒரே குற்றவாளிகள். விதியை மாற்றுவது எதிர்எதிர்க் கட்சிகள் மட்டுமல்ல, அல்பேர்டாவில் 2007இல் உரிமைத்தொகையை உயர்த்த முடிவெடுத்ததும் 2010இல் இறக்கியதும் ஒரே கட்சி.

எண்ணெய்த் துறையில் வேலை கையில் இருந்தால் அல்பேர்டா. காற்று, சூரிய மின்துறைக்காரர்கள் அங்கே போகும்முன் எந்த நிறுவனத்துக்கு என்ன அனுமதி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது என்று கேளுங்கள். பிரெஞ்சு வரும், வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரம்தான் என்றால் கியூபெக்கின் வரியைத் தாங்கலாம். மற்றவர்கள் ஒன்ராறியோவை விட்டுக் கிளம்ப, கார் வரியில் மிஞ்சும் 2,400 டொலர் மட்டும் போதாது.