அமெரிக்காவில் ஆங்கிலம்: அதிபர் ஆணையா, காங்கிரஸ் சட்டமா?

ஆணைக்கு ஒரு கையெழுத்து போதும். 2025 மார்ச் 1-இல் டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது அப்படித்தான். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு உதவச் சொன்ன கிளின்டனின் 2000-ஆம் ஆண்டு ஆணையும் அதோடு ரத்தானது. ஆனால் பிறமொழிச் சேவைகளை நிறுத்தியே ஆகவேண்டும் என்று டிரம்பின் ஆணையில் இல்லை. முடிவு துறைத் தலைவர்கள் கையில். அடுத்த அதிபர் நினைத்தால் எல்லாமே போச்சு.

காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றும் சட்டம் அவ்வளவு லேசில் அசையாது, நிறைவேறுவதும் லேசல்ல. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க 1996-இல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டிய மசோதா செனட்டில் முடங்கியது. ஆனால் வாக்குச்சீட்டில் கைவைக்கச் சட்டத்தால்தான் முடியும். ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) ஆங்கிலம் போதாத குறிப்பிட்ட மொழிச் சிறுபான்மையினரில் வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் 10,000-க்கு மேலோ 5 சதவீதத்துக்கு மேலோ இருந்து, எழுத்தறிவின்மையும் தேசிய சராசரியைத் தாண்டினால், அம்மொழியிலும் சீட்டு தரவேண்டும் என்கிறது வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு. அதிபர் ஆணை அதைத் தொட முடியாது.