நான்கு மில்லிமீட்டர் குரோஷா ஊசி: பத்தாண்டுகள் கழித்து

2015 ஆவணியில் பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வாங்கிய ஊசி இது. அலுமினியம், மேலே நீலப் பூச்சு, நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டைவிரல் பதியும் தட்டையான இடத்தில் 4.00 என்று பொறித்திருந்தது. தயாரித்தவர் பெயர் எதுவும் இல்லை. விலை 35 ரூபாய். கடைக்காரர் பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஊசிகளுக்காக மட்டும் நான் செலவழித்த தொகையை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மரம், மூங்கில், ரப்பர் பிடி, நுனியில் விளக்கு எரியும் ஊசி என்று எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இருந்தும் கை தேடுவது அந்த 35 ரூபாய் ஊசியைத்தான்.

கொக்கி நுனி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா எனக்குப் புதிதல்ல. அம்மா மெல்லிய எஃகு ஊசியால் வெள்ளை நூலில் தலையணை உறை ஓரமும், ரேடியோவுக்கு ஒரு விரிப்பும், பிறகு அதே அளவு அக்கறையோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு விரிப்பும் பின்னியவர். பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாடமான செயின் என்ற சங்கிலிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், வேலை என்று முப்பது ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. மறுபடி எடுக்க வைத்தது சென்னைப் பெண்கள் சிலர் தொடங்கிய ஒரு பெருங்காரியம். 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, உலகிலேயே பெரிய குரோஷா போர்வையைப் பின்னிக் கின்னஸில் இடம்பெறப் போகிறது, சதுரங்கள் பின்னித் தருபவர்கள் சேரலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஊசி வாங்கப் போனது அதற்காகத்தான்.

2016 ஜனவரி 31 அன்று அந்தச் சாதனை சென்னையில் நிகழ்ந்தது. 11,148.5 சதுர மீட்டர். மீட்டரில் சொன்னால் மனதில் பதிவதில்லை. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 50 கிரவுண்டு. ஒரு சின்ன நகரையே மனை பிரித்து விற்கலாம். அதில் என் பங்கு ஏழு சதுரம். பக்கத்துக்கு 40 அங்குலம், ஒவ்வொன்றுக்கும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உல்லன் நூல். நூலுக்குத்தான் அந்தப் பெயர். உண்மையில் அது அக்ரிலிக். ஐப்பசி மழையில் மின்விசிறிக்குக் கீழே மடியில் அரைப் போர்வையோடு உட்கார்ந்திருப்பதை என் கணவர் வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போவார்.

ஊசியைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த ஏழு சதுரங்களில் கற்றது. நான்காவது சதுரத்தின்போது ஊசியை எங்கோ வைத்துவிட்டேன். அவசரத்துக்கு வீட்டருகே உள்ள கடையில் இன்னொன்று வாங்கினேன். அதிலும் 4 என்றுதான் போட்டிருந்தது. அதே நூல், அதே கண்ணிக் கணக்கு (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), அதே கை. முடித்து அளந்தால் 38 அங்குலம்! இஞ்ச் டேப்பை நான்கு முறை வைத்துப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். நீரில் நனைத்து ஆணி அடித்து உலர்த்தியும் பார்த்தேன். அக்ரிலிக் அதற்கெல்லாம் மசியாது. பிறகுதான் துளைகள் உள்ள அளவுத் தகடு ஒன்றை வாங்கி ஊசியை விட்டுப் பார்த்தேன். 4 என்று பொறித்த அந்த ஊசி 3.75 துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கால் மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு வரிசைக்கு நூற்றுச் சொச்சம் கண்ணிகள் என்னும்போது அந்தக் கால் மில்லிமீட்டர் இரண்டு அங்குலமாக வளர்ந்து நிற்கிறது. சதுரம் முழுவதையும் பிரித்து மறுபடி பின்னினேன். தொலைந்த நீல ஊசி அரிசி டப்பா மேல் கிடைத்தது. தகட்டில் விட்டேன், சரியாக நான்கு. அன்றைக்கு அதன் மேல் பிறந்த மதிப்பு இன்னும் போகவில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு கூத்து ஊசியின் தவறல்ல, என் தவறு. பின்னல் வகைகளை அம்மா கற்றுத் தந்தது பிரிட்டிஷ் பெயர்களில். காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். அம்மாவின் ட்ரெபிள்தான் அவர்களுடைய டபுள். அதைவிடக் குட்டையான அம்மாவின் டபுளை அவர்கள் சிங்கிள் என்கிறார்கள். முதல் சதுரத்தில் காணொளிக்காரி டபுள் என்று சொல்லச் சொல்ல நான் அம்மாவின் டபுளைப் போட்டுக்கொண்டே போனேன். பத்து வரிசை முடிந்தும் உயரம் மூன்று விரல்கூட வரவில்லை. தோசைக்கல் பிடிதுணி போலக் கெட்டியாக ஒன்று வந்தது. இன்றும் அதை அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

இனி ஊசியின் உடம்பு. வாங்கப் போகிறவர்கள் பிடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கழுத்து. சில ஊசிகளில் தலையும் தண்டும் ஒரே பருமன். கொக்கி உள்பக்கமாக ஆழமாக வெட்டப்பட்டு, உதடு கூர்மையாக இருக்கும். சிலவற்றில் தலை உருண்டு, கழுத்து ஒடுங்கிப் பிறகு தண்டு தடிக்கும். என்னுடையது முதல் வகைக்கு நெருக்கம். கண்ணி தண்டில் ஏறி முழு அளவில் உட்கார்ந்த பிறகுதான் உருவப்படுகிறது, அதனால் எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவு. ஒடுங்கிய கழுத்து ஊசியில் வேகம் கூடும், ஆனால் அவசரக் கைக்காரர்கள் கண்ணியைக் கழுத்திலேயே முடித்துவிடுவார்கள், பின்னல் சுருங்கும். இது கைப்பழக்கத்தைப் பொறுத்தது என்பதால் இன்னொருவர் சிபாரிசை நம்பி வாங்குவதில் பயனில்லை. என் சிபாரிசையும் சேர்த்தே சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் குறை வியர்வை. சித்திரை வைகாசியில் அலுமினியத்தில் நூல் ஒட்டிக்கொண்டு கீச்சென்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். கையில் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டால் சரியாகும். இரண்டாவது கறை. மூன்று ஆண்டுகளில் கட்டைவிரல் படும் இடத்தில் நீலப் பூச்சு போய் வெறும் அலுமினியம் தெரிந்தது. அதிலிருந்து வெள்ளை நூலில் சாம்பல் நிறக் கறை படிய ஆரம்பித்தது. ஒரு குழந்தைத் தொப்பியை அப்படித்தான் பாழாக்கினேன். இப்போது வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் இதைத் தொடுவதில்லை. மூன்றாவது, வளையும். தாம்பரம் மின்சார ரயிலில் பையோடு சேர்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்த்தலாமா என்று கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். அலுமினியத்தை வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகும். இலேசான வளைவு, கைக்குப் பழகிவிட்டது.

2019இல் வலது கட்டைவிரல் அடியில் வலி வந்தது. காலையில் பால் பாத்திரத்தைத் தூக்க முடியாது. தசைநாண் உறை வீங்கியிருக்கிறது, ஒரு மாதம் ஊசியைத் தொடாதீர்கள் என்றார் மருத்துவர். அந்த ஓய்வில் சும்மா இராமல் மென்மையான ரப்பர் பிடி போட்ட ஊசிப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். விலை நீல ஊசியைப் போல நாற்பது மடங்கு. முதல் ஆறு மாதம் சொர்க்கம். தடித்த பிடி என்பதால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. இரண்டாவது கோடை முடிவதற்குள் பிடி முழுவதும் பிசுபிசுத்துவிட்டது. உலகத்துத் தூசி, பூனை முடி எல்லாம் அதில் ஒட்டின. சோப்பு, ஸ்பிரிட் எதுவும் நிரந்தரமாக உதவவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அந்த ரப்பர் தாங்காது என்பது என் முடிவு. வாங்குவதென்றால் மூன்று கோடைகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரையாவது கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வலியைத் தீர்த்தது புதிய ஊசியல்ல, ஊசியைப் பிடிக்கும் விதம். அதுவரை பேனா பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தி பிடிப்பது போல உள்ளங்கைக்குக் கீழே பிடிக்க மாறினேன். மூன்று வாரம் எல்லாமே கோணல். கண்ணிகள் தளர்ந்து போயின, அதனால் எல்லாக் கணக்கையும் கொஞ்சம் சின்ன ஊசிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுகிறேன். இதையெல்லாம் எழுதும்போது நரசாபுரத்துப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆந்திராவின் அந்தக் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதைப் பின்னும் கட்டைவிரல்களுக்கு எத்தனை ஓய்வு கிடைக்கிறதோ. துணி நெய்யவும் ஸ்வெட்டர் பின்னவும் ஆலைகளில் இயந்திரம் இருக்கிறது. அசல் குரோஷாவை அப்படிப் பின்னித் தள்ளும் ஆலை இயந்திரம் கிடையாது. கடையில் தொங்கும் உண்மையான குரோஷா சட்டை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் மணிக்கட்டு இருக்கிறது, விலைச்சீட்டு என்ன சொன்னாலும்.

தொலைக்காட்சிப் போட்டிகளில் இந்தக் கலை தலைகாட்டுவது அரிது என்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பிபிசியில் 2013 முதல் வரும் தையல் போட்டியை விடாமல் பார்ப்பேன். பழைய துணியை வெட்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் வேறு உடையாக்கு என்பார்கள், பதைபதைப்பாக இருக்கும். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் ஒரு தொப்பி பாதி வரும். கேமராக்காரர் தூங்கிவிடுவார்.

சாதனைப் போர்வை பிரிக்கப்பட்டுத் தேவைப்படுவோருக்கு வழங்கப்பட்டது. அதோடு நான் நிறுத்தவில்லை. தானத்துக்குப் பின்னுவதில்தான் நீல ஊசியின் எல்லை தெரிந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்குத் தொப்பி பின்ன முதலில் மீதமிருந்த அக்ரிலிக் நூலையே எடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் ஒருவர் மிகுந்த நாகரிகத்தோடு, "அழகாக இருக்கிறது அக்கா, ஆனால் தலையில் குத்துகிறது" என்றார். சிகிச்சையில் இருக்கும் தோல் அவ்வளவு மென்மை. அதிலிருந்து பருத்தி நூல்தான், மூட்டுத் தையலும் வெளிப்பக்கம்தான்.

குறைமாதக் குழந்தைகளுக்கான ஆக்டோபஸ் பொம்மை அதைவிடக் கறாரானது. 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய வழக்கம் அது. இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தை குழாய்களை இழுக்காமல் பொம்மையின் கால்களைப் பற்றிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். கால்களை இழுத்து நீட்டி அளந்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நூல் முழுப் பருத்தி. 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும். பின்னலில் சந்து இருக்கவே கூடாது, உள்ளே திணித்த பஞ்சு வெளியே வந்துவிடும். நான்கு மில்லிமீட்டர் ஊசியில் பின்னிய என் முதல் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை. நான் கேட்ட மருத்துவமனையில் அன்பளிப்புப் பொம்மைகளை உள்ளே எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிருமித் தொற்றுப் பயம் நியாயமானது. முதலில் கேட்டுவிட்டுப் பின்னியிருக்க வேண்டும். ஒன்பது ஆக்டோபஸ்கள் இன்னும் என் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

அவற்றில் எட்டைப் பின்னியது 2.5 ஊசி. அந்த அளவில் அலுமினியம் இறுக்கத்துக்கு வளைகிறது, எஃகு அசைவதில்லை. மெல்லிய லேஸ் வேலைக்கு 1.25 எஃகு ஊசி ஒன்றை ஊட்டியில் வாங்கினேன், போனி. ஊட்டி மலை ரயிலில் கேத்தியைக் கடந்து போனவர்களுக்கு, அந்தப் பக்கத்தில்தான் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை இருக்கிறது என்பது தெரிந்திருக்கலாம். கைத்தையல் ஊசியிலிருந்து பின்னல் ஊசி வரை போனி என்ற பெயரில் வருவது அவர்களுடையது. ஏழு ஆண்டுகளாக அந்த 1.25இன் உதட்டில் ஒரு பிசிறு இல்லை. ஈரக்கையோடு வைக்காமல் துடைத்து வைத்தால் துருவும் இல்லை. மூங்கில் ஊசியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான், சத்தமே போடாது, வியர்க்காது. ஆனால் மழைக்காலத்தில் நுனியில் நார் எழும்பி நூலைப் பிடிக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவர்த்தியைத் தடவி, துணியால் துடைத்தால் ஒரு மாதம் தாங்கும். விளக்கு எரியும் ஊசி கறுப்பு நூலுக்கு உதவும் என்றார்கள். ஒரு முறை மின்சாரம் போனபோது பூட்டுத் துவாரம் தேட உதவியது.

ஆகப் பத்தாண்டு முடிவில் நீல ஊசி நீலமாக இல்லை. 4.00 என்ற எழுத்து முழுவதும் தேய்ந்துவிட்டது. போன வாரம் தகட்டில் விட்டுப் பார்த்தேன், இன்னும் நான்கில்தான் உட்காருகிறது. கீழ் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் தனக்கும் கற்றுத்தரச் சொல்லி வந்தாள். பெட்டியைத் திறந்து காட்டியதும் அத்தனை வண்ண ஊசிகளையும் விட்டுவிட்டு இந்தச் சாம்பல் கம்பியைத்தான் எடுத்தாள். "ஆன்ட்டி, இது நல்லா இருக்கே, இதைக் கொடுங்களேன்" என்றாள். கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமை பாரிமுனைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அளவுத் தகட்டை இப்போதே பையில் போட்டாகிவிட்டது.